மூன்றாவது கோழி

இடைவேளை. தம்பானூர் சினிமாக் கொட்டகை வாசலில், காப்பிக் கிளாசும் கையுமாகச் சிவதாணு பொரிந்து தள்ளினார்.

"எந்தப் படத்துக்குப் போனாலும் காரைக் கார் துரத்துது! இதுலயோ அதே வளைவு, அதே மைல்கல், குறுக்கே ஓடுற அதே கோழி. ரெண்டு தடவை! படம் எடுத்தவனுக்கு நாமெல்லாம் மடையன்மாராட்டா தெரியுது?"

"உமக்குக் கலை தெரியாதுவே," என்றார் நண்பர் திரவியம். "வில்லன் எத்தனை ஓடினாலும் விதியைத் தாண்ட முடியாது. அதான் அதே இடத்துக்கே வாறான். கோழிதான் விதி."

"கோழியா விதி?"

"பின்னே? டைரக்டர் மகா ஞானியாக்கும்."

பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் பயபக்தியோடு கேட்டார்: "மூணாவது தடவையும் கோழி வந்தா என்ன அர்த்தம், சாரே?"

"மோட்சம்!" என்றார் திரவியம், யோசிக்காமலே.

"அப்ப சமாதானமாச்சு." அவர் பீடியை அணைத்தார். "நான் இங்கத்த ஆப்பரேட்டராக்கும். ஒரே படப்பெட்டியை ரெண்டு கொட்டகையில மாத்தி மாத்தி ஓட்டுதோம். கோட்டைப் பக்கத்துக் கொட்டகையிலேருந்து அடுத்த ரீல் வரல்லை. அதான் கார் ரீலையே திரும்பப் போட்டேன். இப்பவும் ரீல் கொண்டு வாற சைக்கிளைக் காணல்லை. உள்ளே வாங்க, மோட்சம் போடுதேன்."