சும்மா ஓடும் ரம்பம்

“தனியாவா வந்திருக்க?”

கதவைத் திறந்த பெரியவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. ரொவீனாவின் தோளுக்கு மேலாக எட்டி, அவள் வண்டிக்குள் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார்.

“ஆமாங்க. ரம்பம் விக்கறதா விளம்பரம் பாத்தேன். காலையில போன்ல பேசினேனே.”

“உள்ள வா.” அவள் நுழைந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டார். “காத்து தள்ளிடும்.”

வெளியே ஒரு கிளைகூட அசையவில்லை.

கனடாவின் தண்டர் பே நகரிலிருந்து நாற்பது நிமிடக் காட்டுப் பாதை. கடைசிப் பத்து நிமிடமாக செல்போனில் சிக்னலே இல்லை. காகித ஆலையில் வேலை போன பிறகு, சொந்தக் கார் ஷெட்டில் அலமாரி செய்து பிழைக்கலாம் என்று ரொவீனா இறங்கியிருந்தாள். முதல் ஆர்டரும் கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் ஒரு முழுச் சமையலறை.

மோட்டாரில் ஓடும் மேசை ரம்பம்தான் இல்லை. கடையில் பார்த்த சின்ன ரகம் பலகையை வைத்ததும் கிடுகிடுவென்று ஆடியது. பட்டறைகளில் நிற்கும் பெரிய ரகத்தை வீட்டு ப்ளக் தாங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ‘ஹைபிரிட்’தான் சரி என்று முடிவு செய்தால், புதிது ஆயிரத்து ஐந்நூறு டாலர். இவர் ஐந்நூறு போதும் என்றிருந்தார்.

ஏன் போதும் என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பெரியவர் பெயர் வெய்க்கோ. நிலவறைப் படிகளில் அவளை முன்னால் இறங்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார்.

ரம்பம் கண்ணைப் பறித்தது. வார்ப்பிரும்பு மேசையில் பொட்டுத் துரு இல்லை. பக்கச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. மரம் அறுக்கும் பல் சக்கரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி வெண்ணெய் மாதிரி சுழன்றது.

ஆனால் ரம்பத்தின் காலடியில், வெறும் சிமெண்டுத் தரையில், ஒரு பழைய தொலைபேசி இருந்தது. அதன் ஒயர் கூரையிலிருந்து தொங்கியது. சுவரும் மேசையும் இருக்க, போனை யார் தரையில் வைப்பார்கள்?

“ஓட விட்டுப் பாக்கட்டுமா?”

“இரு. மொதல்ல சொல்லு. வீட்டுல உன்கூட யாரு இருக்கா?”

“அதுக்கும் மிஷினுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“பக்கத்து வீடு எவ்வளவு தூரம்? நீ கத்தினா கேக்குமா?”

ரொவீனா படிப்பக்கம் திரும்பினாள். வெய்க்கோ படியை மறித்தபடி நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். ஆனாலும் மரம் தூக்கிப் பழகிய தோள்கள்.

“ஒரு நாள் பூரா உன்னக் காணோம்னா, தேடறதுக்கு ஆள் உண்டா?”

“இருக்காரு!” குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. “என் வீட்டுக்காரர். ஆறடி ரெண்டங்குலம். அரைமணில நான் போன் பண்ணலேன்னா இங்கயே வந்து நிப்பாரு.”

பெரியவர் அவளையே பார்த்தார். பிறகு, யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல மூச்சுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“அப்பாடா. அப்ப நீ எடுத்துக்க. இதுவரைக்கும் நாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். எல்லாம் ஒண்டிக்கட்டைங்க.”

“எதுக்கு?”

“இது என் சம்சாரம் ஹில்காவோடது. மூணு வருஷம் முந்தி நான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிட்டேன். அவளுக்கு மணிக்கட்டுல வெட்டு. போன் மேல சமையக்கட்டுல இருந்துச்சு. பாதிப் படிதான் ஏற முடிஞ்சுது அவளால. நான் வந்தப்ப மிஷின் அப்பவும் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

ரொவீனா தொலைபேசியைப் பார்த்தாள்.

“அப்புறமாத்தான் போனைத் தரையில வெச்சேன். இனிமே அது யாருக்கு உதவும்னு கேக்காத.”

நிலவறையின் பின்வாசல் வழியாக, தள்ளுவண்டியில் வைத்து, சரிவுப் பலகையில் ஏற்றி, ரம்பத்தை அவள் வண்டிக்குக் கொண்டுவருவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. வெய்க்கோ உள்ளே போய், ஏலக்காய் ரொட்டியில் இரண்டு பெரிய துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார்.

“ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவருக்கு.”

அவள் சாவியைத் திருகினாள். அவர் வண்டியின் கண்ணாடியைத் தட்டினார், அவள் இறக்கினாள்.

“உன் வீட்டுக்காரர்கிட்ட மறக்காம சொல்லு. மரம் அறுபடற சத்தம் வேற, மிஷின் சும்மா ஓடற சத்தம் வேற. ரொம்ப நேரம் சும்மா ஓடிச்சுன்னா எழுந்து ஓடணும். கூப்பிடுவாளான்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. சொல்லுவியா?”

தலையை ஆட்டினால் போதும். கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம்தான். இந்த விலையில் இனி இன்னொன்று கிடைக்காது. பெரியவர் பதிலுக்காகக் கண்ணாடி விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில், அவள் வந்ததிலிருந்து பார்க்காத ஒரு நிம்மதி.

ரொவீனா எஞ்சினை நிறுத்தினாள்.

“ஐயா... வீட்டுல யாரும் இல்ல.”