இரண்டாவது பொத்தான்

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலதானே வெச்சேன்? இல்லை, பையில போட்டுட்டேனா?

"மறுபடியும் சாவியா?" என்றாள் நெட்டை. "வெச்சுட்டுத்தான்டி வந்தே. நானே பாத்தேன். உள்ளே வா, படம் போட்டுருவான்."

ஆற்றில் படகு கவிழ்ந்து நான்கு வருடமாகிறது. அதில் உடல் கிடைக்காத ஒரே ஆள், சாவியைப் பற்றிக் கேட்டவளின் கணவன். திடீரென்று வந்து நின்றால் கதவு பூட்டியிருக்கக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசலைத் தாண்டியதில்லை. வேலை நாட்களில் அவனுக்காகச் சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். கூப்பிடுவதும் 'பொத்தான்' என்றுதான்.

துணி வெட்டும் நெட்டையும், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் 'ஓவர்லாக்'கும் ஒரு வாரமாகக் கெஞ்சி, மிரட்டி இழுத்து வந்திருந்தார்கள். ஓவர்லாக்குக்கு அந்தப் பெயர் மெஷினால் மட்டும் வந்ததல்ல. வாயும் அதே வேகம்.

"பக்கத்துல பேய்ப் படம் ஓடுதே, அதுக்குப் போலாமா?" என்று கேட்டாள் பொத்தான்.

"இதுக்குத்தான்," என்றாள் நெட்டை.

"அதுக்குன்னு மூணாவது வரிசையா? கழுத்து சுளுக்கிக்கும்டி."

"கிட்ட இருந்தாத்தான் தெளிவாத் தெரியும்."

விளக்கு அணைந்தது. கதாநாயகன் குடையோடு சாக்கடைக்குள் இறங்கியதும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளாக இது எங்கே கிடந்தது? கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பழைய பழக்கத்தில் ஓவர்லாக்கின் தொடையைக் கிள்ளினாள்.

ஓவர்லாக் சிரிக்கவில்லை.

"என்னடி, நூல் அறுந்துபோச்சா?"

"படத்தைப் பாரு."

பாப்கார்ன் வாசனை, இரண்டு பக்கமும் உரசும் தோள்கள், முன்னால் அத்தனை பெரிய வெளிச்சம். அடுத்த ஞாயிறும் வரணும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்கு மனசு உறுத்தவில்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது.

திரையில் காதலர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற இடம், படகு கவிழ்ந்த ஆற்றின் மேல் போன வருடம் திறந்த புதுப் பாலம். அதன் அக்கரைப் படிக்கட்டு.

நெட்டை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அவங்களுக்குப் பின்னாடி பாரு. கூட்டத்துல."

தோளில் ஒரு பெண் குழந்தையோடு ஒருவன் படியிறங்கினான். வேடிக்கை பார்த்தபடி வந்தவன், கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தான். கட்டம் போட்ட சட்டை. எல்லாம் வெள்ளைப் பொத்தான். மேலிருந்து இரண்டாவது மட்டும் கறுப்பு. படகுக்கு நேரமாச்சு என்று அவன் பறந்த அன்றைக்கு, கைக்குக் கிடைத்ததை எடுத்து அவள் தைத்துவிட்டது.

சாவி. நாலு வருஷமா தொட்டிக்கு அடியில சாவி.

"போன ஞாயித்துக்கிழமையே பாத்துட்டோம்டி," என்று ஓவர்லாக் உடைந்து அழுதாள். "வாயால எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சொன்னா நீ நம்பவும் மாட்டே. அதான்..."

நெட்டை எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். "கெளம்பு. இப்பவே போலீஸுக்குப் போலாம். அக்கரையில எங்கே இருந்தாலும் இழுத்துட்டு வந்துரலாம். எழுந்திருடி!"

அவள் நெட்டையின் கையிலிருந்து தன் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பார்வை திரையிலிருந்து நகரவில்லை.

"உக்காருடி," என்றாள். "படத்தை மறைக்கிறே."