தூக்கக் கணக்கு

"பதினேழு!" என்று நோட்டில் கோடு போட்டாள் பயிற்சி மாணவி.

"என்னம்மா பதினேழு?" என்றார் பார்வையாளர் மாடத்து அதிகாரி அக்கா.

"கடைசி வரிசையில அந்தப் பெரியவர் இருக்காரே, இந்த வாரத்துல அவருக்கு இது பதினேழாவது தூக்கம். வாயில ஈ போறதுகூடத் தெரியலக்கா!"

சட்டசபை நடப்பதைப் பார்த்து, யாராவது ஓர் உறுப்பினரைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். கல்லூரி அவளை அனுப்பியது அதற்குத்தான். கூட வந்த மாணவர்கள் எல்லாரும் முன்வரிசை 'இடிமுழக்கத்தை' எடுத்துக்கொண்டார்கள். அவர் மேஜையைத் தட்டினால் மைக்கே நடுங்கும். இவள் மட்டும் வேண்டுமென்றே இந்தத் தூங்குமூஞ்சியைப் பிடித்தாள். அறிக்கையில் மனுஷனைத் தோலுரித்துத் தொங்கவிடுவது என்று முடிவு.

அன்றைக்குக் கூட்டத்தொடரின் கடைசி நாள். மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியாயிற்று. மீதியில் பாதி கேன்டீனில்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு தீர்மானம். நெடுஞ்சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு நடைமேம்பாலம். எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் மூன்று வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். ஒவ்வொரு தடவையும் நேரமில்லை என்று தள்ளிவிடுவார்கள். இன்றைக்கும் நடக்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"போன மாசம்கூட ஒரு குழந்தைக்குக் கால் போச்சு..." என்றார் அந்த அம்மா. மாடத்தில் மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

தூங்குமூஞ்சியிடமிருந்து ஒரு குறட்டை வந்தது.

வந்ததே கோபம் இவளுக்கு! ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: 'ஐயா, தூங்குவதற்கு வீடு இருக்கிறது.' பெயர் போடவில்லை. அத்தனை அசடா அவள்? நாலாய் மடித்து, சபைக்குள் சீட்டுக் கொண்டுபோகும் ஊழியரிடம் நீட்டினாள். ஒரு நாளைக்கு நூறு சீட்டு சுமக்கிற மனிதர், யார் எவர் என்று கேட்காமல் வாங்கிப்போனார்.

பெரியவர் தட்டி எழுப்பப்பட்டார். படித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

"ரோஷம் வந்துடுச்சு, பாத்தீங்களாக்கா?" என்று பூரித்துப்போனாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கட்டடம் முழுக்க மணி அலறியது.

"ஐயையோ!" அக்கா எழுந்து நின்றுவிட்டார். "முப்பது பேர் இருந்தாத்தான் சபை நடக்கும். யாரோ எண்ணச் சொல்லிட்டாங்க போல. இருபத்தொன்பதுதான் இருக்கு."

"அதனால என்னக்கா?"

"மூணு நிமிஷம் மணி அடிக்கும். அதுக்குள்ள இன்னொரு ஆள் வரலேன்னா சபையை முடிச்சிடுவாங்க. பாலம் அம்போதான்."

மாணவி துள்ளி எழுந்தாள். அந்த ஒரு ஆளை எழுப்பி அனுப்பி வைத்ததே அவள்தானே!

படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். தாழ்வாரத்தில் டிவிக்காரர்கள் நடுவே இடிமுழக்கம் முழங்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பிஞ்சுகளின் பாலத்துக்காக என் உயிரையும் கொடுப்பேன்!"

"சார், உயிரெல்லாம் வேண்டாம் சார்! உள்ள வந்து உக்காந்தாப் போதும். ஒரு ஆள் குறையுது!"

"பேட்டி நடக்குதில்ல?" என்று பல்லைக் கடித்தார் அவர். பிறகு வாசல் ஊழியர் பக்கம் திரும்பி, "அந்தக் கதவைச் சாத்துப்பா. மணிச் சத்தத்துல நான் பேசுறது பதிவாகாது" என்றார்.

நல்ல மனுஷன்! அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

"பெரியவர் எங்கே போனார்?" என்று கேட்டாள். ஊழியர் ஆண்கள் கழிவறையைக் கைகாட்டினார்.

வெட்கமாவது ஒன்றாவது! கதவைப் படபடவென்று தட்டினாள். "ஐயா! உள்ள இருக்கீங்களா? மணி அடிக்குது!"

ஈர முகத்தோடு எட்டிப் பார்த்தார். "தூங்குறேன்னு யாரோ சீட்டு அனுப்பியிருந்தாங்க. நியாயம்தானேன்னு முகம் கழுவ வந்தேன். குழாய்ச் சத்தத்துல மணி கேக்கலையேம்மா!"

சொல்லிக்கொண்டே ஓடினார். எழுபது வயசு ஓட்டம். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுகொண்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பது!

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு பதினாறு, எதிர்ப்பு பதினாலு. பாலம் பிழைத்தது. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எதிர்த்துக் கை தூக்கிய பதினாலு பேரில் பெரியவரும் ஒருவர்!

மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதிர்த்து ஓட்டுப் போடவாக்கா இவ்வளவு ஓட்டம் ஓடினாரு?"

"கட்சி சொன்னபடி கை தூக்கித்தானே ஆகணும்? ஆனா ஒண்ணு. பாலம் வேண்டாம்னு நெனச்சிருந்தா அவர் வராம இருந்திருந்தாலே போதுமே, அதுவா செத்திருக்கும்."

"அப்புறம் ஏன் வந்தாரு?"

"அதை அவரைத்தான் கேக்கணும். பதினோரு வருஷமா இங்க வேலை பாக்கிறேன். சபையில ஆள் குறைஞ்சு இந்த மணி அடிச்சு இன்னிக்குத்தான் கேக்கிறேன்."

கீழே பார்த்தாள். பெரியவர் ஒற்றைச் செருப்போடு மறுபடி தூங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு. ஏனோ கோடு போடக் கை வரவில்லை.

கிளம்பும்போது சீட்டு ஊழியர் ஒரு தாளை நீட்டினார். அவள் அனுப்பிய அதே தாள்! பெயர்தான் போடவில்லையே தவிர, தாளின் தலையிலேயே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: 'பயிற்சி மாணவர்களுக்கு மட்டும்'. மற்ற மாணவர்கள் எல்லாம் இடிமுழக்கத்தின் பின்னால் போய்விட்டதால் மாடத்தில் அன்றைக்கு இருந்தது இவள் ஒருத்திதான்.

நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் நடுங்கும் கையெழுத்து.

'வீடு இருக்கும்மா. ஆனா அங்கே தூங்கினா எண்ண மாட்டாங்களே!'