ஒட்ட வெட்டணும்

"இந்தத் தண்டை ஒட்ட வெட்டிடு தங்கச்சி. இனிமே யாரும் இதைத் திருப்பவே முடியக் கூடாது."

ஜோதி மேசை மேல் வைத்த ரேடியோ செட்டைப் பார்த்ததுமே கீதாஞ்சலிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இந்த ரிப்பேர் கடையைத் திறந்த புதிதில், அவள் தன் கையாலேயே அசெம்பிள் செய்து விற்றது.

"இது பூலாம்பாடி ராசாங்கம் ஐயாவோடதுதானே?"

"ஆமா. நான் அவரு மருமக."

"ஐயா நல்லா இருக்காரா? இதை வாங்க வந்தப்ப அரை நாள் இந்த ஸ்டூல்லயே உக்காந்து பாட்டுக் கேட்டாரு. கடைக்காரி எனக்கு அவருதான் டீ வாங்கிக் கொடுத்தாரு."

"இருக்காரு. பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா எனக்கு அடுத்தது ரெண்டு மணிக்குத்தான். கொஞ்சம் சீக்கிரம் பாரு."

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் காணோம். அது இருந்த இடத்தில் இரும்புத் தண்டு மட்டும் ஒரு அங்குலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அங்கங்கே பல் பதிந்த தடம்.

"குமிழ் எங்கக்கா?"

"நான்தான் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டேன். அப்படியும் குறடு வச்சுத் திருப்பிடறாங்க. அதான் தண்டே வேணாம்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

கீதாஞ்சலிக்குச் சுருக்கென்றது. அந்த வயதில் ஒரு மனுஷன் குறடு தேடி எடுத்துத் திருகிப் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கிறதா?

"அவருக்குக் காது மந்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாம? முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டின காது. மிஷின் வாங்கிக் கொடுத்தோம். கொர்ருங்குதுன்னு கழட்டி வச்சிட்டாரு."

"தெரிஞ்சுமா வெட்டச் சொல்றீங்க?"

"அது வந்து தங்கச்சி..."

"கோச்சுக்காதீங்க. அவருக்குன்னு வூட்ல இருக்கறது இந்த ஒரு செட்டுதான். சத்தம் தாங்கலைன்னா நீங்க கதவைச் சாத்திக்கங்க. ஒரு தடவ வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாது. எங்கப்பாவா இருந்தா நான் இப்படிச் செய்ய மாட்டேன்."

ஜோதியின் முகம் சுண்டிப்போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உன்னால முடியாதுன்னா சொல்லிடு. எதிர்த்த பட்டறையில கொடுத்து வெட்டிக்கிறேன்."

பட்டறைக்காரன் செட்டோடு சேர்த்து அறுப்பான். இரும்புத் தூள் உள்ளே கொட்டினால் மொத்தமும் போய்விடும். அதற்குப் பயந்துதான் கீதாஞ்சலி ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

ஒயர்களைப் பிரித்து, தண்டை அதன் டப்பியோடு வெளியே எடுத்தாள். தண்டின் நுனியை மேசை ஓரத்து வைஸ் பிடியில் கடிக்கக் கொடுத்து, தூள் உள்ளே போகாமல் டப்பிக்குத் துணி சுற்றி, ஆக்ஸா பிளேடால் அறுத்தாள். நகக்கண் அளவு மட்டும் மிச்சம். அறுபட்ட துண்டு வைஸிலேயே நின்றது. வேண்டியதற்கு மேலேயே அழுத்தி அறுத்தாள்.

மறுபடி பொருத்தி, ஒயரைப் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டாள். பாட்டு வந்தது.

"எந்த அளவுல நிக்கணும்னு சொல்லுங்க. அதுல வச்சுட்டு இந்த மிச்சத்தையும் அரத்தால ராவிடுவேன். அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் திருப்ப முடியாது."

குறடால் மெல்லத் திருப்பினாள். பாட்டு முணுமுணுப்பாகத் தேய்ந்தது.

"இவ்வளவு போதுமா? உங்க தூக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"கடைசி வரைக்கும் திருப்பு."

கீதாஞ்சலி நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திருப்பினாள். பாட்டு சுத்தமாக நின்றுபோனது.

"அந்தப் பக்கம் இல்ல தங்கச்சி." ஜோதி கையை நீட்டிக் காட்டினாள். "இந்தப் பக்கம்."

புரியாமலே கீதாஞ்சலி எதிர்ப்பக்கம் திருப்பினாள். முட்டி நிற்கும் வரை திருப்பினாள். கடை அதிர்ந்தது. எதிர்ப் பட்டறையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இதுலயே நிக்கட்டும், ராவிடு" என்றாள் ஜோதி. அந்தச் சத்தத்தில் அவள் பேசியது கேட்கவில்லை. கீதாஞ்சலியின் காதருகே குனிந்து சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரும் பிள்ளைங்களும் ஆளாளுக்குச் சத்தத்தைக் குறைச்சிட்டுப் போயிடறாங்க. குறைச்சிருக்காங்கன்னு மாமாவுக்குத் தெரியல. இருந்த காதும் போயிடுச்சுன்னு நினைச்சு, ரெண்டு நாளா சாப்பிடாம அழுவுறாரு."