பெட்டிக்குள் எரிந்த பல்பு

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்ததில் தச்சநல்லூர் முழுக்க மின்சாரம் போயிருந்தது. எப்சி டீச்சர் வீட்டுக் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வாத்து முட்டைகள் பொரியும் தறுவாயில் இருந்தன. சூடு குறைந்தால் அத்தனையும் செத்துப்போகும். சாண எரிவாயுவில் ஓடும் சின்ன ஜெனரேட்டரோ கிளம்பவே மாட்டேன் என்றது.

மெக்கானிக் குமரவேல் அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். தீப்பொறி வந்தது. அடுப்பிலும் வாயு நீலமாக எரிந்தது. கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

முட்டைகளைப் பார்க்க எப்சி உள்ளே போனாள். பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஜெனரேட்டர் ஓடிட்டா?"

"இன்னும் இல்ல டீச்சர். கேஸ் வார டியூப்ல தண்ணி அடைச்சிருக்கு."

"இங்கன பல்பு எரியுதே!"

குமரவேல் வந்து, ஜெனரேட்டரிலிருந்து பெட்டிக்கு வந்த ஒயரை உருவினார். பல்பு அணையவில்லை.

"வேற லைன் எதும் இழுத்திருக்கியளா?"

"இல்லையே!"

அவர் திரும்பிப் போய், டியூபிலிருந்த தண்ணீரை வடித்தார். ஒயரை மாட்டிக் கயிற்றை இழுத்ததும் ஜெனரேட்டர் கிளம்பிவிட்டது. அந்த நொடியே பெட்டி இருண்டது.

"நிறுத்துங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள் எப்சி.

நிறுத்தியதும் பல்பு எரிந்தது.

"ஒண்ணும் வெளங்கலையே டீச்சர்" என்றபடி குமரவேல் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை தெருவுக்கு மின்சாரம் வந்தது. வீட்டு மின்விசிறிகள் சுழன்றன. பெட்டியில் மட்டும் பல்பு அணைந்தது. உள்ளே ஒரு முட்டை விரிசல் விட்டு, ஈர அலகு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எப்சி திகைத்து நின்றாள். பிறகு பைய நடந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.