சோம்பாண்டிக்குக் கதை வேண்டும்

நாளிதழில் நான்கு கட்டப் படக்கதைக்குள் தூங்கிக்கொண்டிருந்த சோம்பாண்டி என்ற பூனை, கார்ட்டூன் தொடராகி டி.வி.க்கு வந்தது. வீட்டுக்கு வீடு தனிக் கதை. ஹாலில் நடப்பதை டி.வி.யே கவனித்து, அதைப் பூனை வீட்டுக் கதையாக்கி ஊருக்கே காட்டும்.

மானத்துக்குப் பயந்து சற்குணமும் மனைவி மங்கையும் சண்டை போடுவதையே விட்டார்கள். ஆறு நாளாகத் திரையில் அவர்கள் வீட்டுச் சோம்பாண்டி குறட்டைதான் விட்டது.

எட்டு வயது மகள் நிலவழகி அழுதாள். "கிளாஸ்ல சிரிக்கிறாங்கப்பா. ரெபேக்கா வீட்டுப் பூனை டைவர்ஸ் வரைக்கும் போயிடுச்சு. நீங்களும் அம்மாவ ஒரு தடவ திட்டுங்களேன்!"

சற்குணம் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஆரம்பித்தார். "இதெல்லாம் ஒரு சாம்பாரா?"

மங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்க தங்கச்சிய வந்து வைக்கச் சொல்லுங்க."

"அவ வெச்சா வாயில வைக்கலாம். உன்னக் கட்டுன நாள்லேருந்து நான் என்னைக்கு ருசியா சாப்பிட்டிருக்கேன்?"

மங்கையின் முகம் மாறியது. "பதினோரு வருஷமா இத மனசுலயே வெச்சிருந்தீங்களா?"

சற்குணம் அவசரமாக மறுபடி கண்ணடித்துப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்கப்பா!" என்று நிலவழகி கைதட்டினாள்.

திரையில் குறட்டை நின்றது. சோம்பாண்டி ஒரு கண்ணைத் திறந்து, வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்தது.