வெளுத்த முருகைக்கல்

குச்சவெளிக்கு அப்பால், இரண்டு ஆள் ஆழக் கடலில், சுதர்சிகா மூச்சுக்குழாயைக் கடித்தபடி குப்புற மிதக்கிறாள். கீழே பவள முருகைக்கற்களின் மேல் காலை வெயில் வலைபோல் விழுந்து அசைகிறது. சித்திரையில் கடல் சூடேறியபோது, அவற்றின் சதைக்குள் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசி வெளியேறிவிட்டது. அன்றிலிருந்து மான்கொம்புப் பவளங்கள் எலும்பாய் வெளுத்து, பட்டினியில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவளும் கிழமைதோறும் வந்து பார்க்கிறாள். இன்று கிளைகளில் ஏதோ மங்கல் தெரிகிறது. செத்த கல்லில் படரும் வழுக்கற்பாசியோ இது? மூச்சைப் பிடித்துக் கீழே இறங்குகிறாள். கிளை முழுதும் மிளகளவு கிண்ணங்கள். ஒவ்வொன்றினுள்ளும் நுண்பாசி திரும்பிய தேன்நிறச் சதை. பக்கத்து மூளைப்பவளத்தின் மடிப்புகளிலும் பசுமை ஊறியிருக்கிறது. நீலக் குஞ்சுமீன் ஒன்று அவள் நிழலுக்குப் பயந்து கொம்புகளுக்குள் ஒளிகிறது. மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்கிறாள். இந்தக் கல்லை நம்பியே தூண்டில் போடும் கனகரத்தினம் குனிகிறார்.

“என்ன தங்கச்சி, செத்துப்போச்சோ?”

“இல்லை அண்ணை. நிறம் திரும்புது.”

“வழுக்கல் இல்லையே?”

“கிட்டப் போய்ப் பாத்தனான். சதைதான்.”

அவர் அவளுடைய முக்குளிக்கும் கண்ணாடியை வாங்கி மாட்டி, வள்ளத்தில் கவிழ்ந்து படுத்து, முகத்தைக் கடலுக்குள் வைக்கிறார். மூச்சு முட்டியதும் நிமிர்கிறார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, மறுபடியும் குனிகிறார்.